மெர்சி சிஸ்டரின் விரல்

மெர்சி சிஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் ஒரு நோயாளியின் கன்னத்தில் விரல் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் அவருடைய மகள் போனில் பேசினாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்ல அம்மாவைப் பத்தி வாசிக்கணும் அங்கிள். எனக்குத் தமிழ் எழுத வராது. நீங்க எழுதிக் குடுங்க, பாஸ்டர் வாசிப்பார். அம்மா உங்களைப் பத்தி எப்பவும் நல்லாதான் சொல்வாங்க." அதைக் கேட்டுக் கூசிப்போனேன்.

கரோல் பாக்கில் நாங்கள் வேலை பார்த்த பல் கிளினிக் உங்களில் பலருக்குத் தெரியும். நான் டாக்டர், அவர் நர்ஸ். டெல்லிக்கு வந்து இருபது வருடமாகியும் பாளையங்கோட்டைப் பேச்சை விடாதவர். என் அவசரத்தைப் பார்த்து எனக்கு ஜல்தி டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார். "ஜல்தி டாக்டர் வந்தாச்சு, எல்லாரும் வாயைத் தொறங்க" என்பார். அழுதுகொண்டு வரும் குழந்தைகூட ஊசிக்கு அவரிடம்தான் கை நீட்டும்.

ஒரு நாள் ஓர் இளம்பெண்ணுக்குக் கீழ் ஞானப்பல்லை எடுக்க வேண்டியிருந்தது. ஈறுக்குள் படுத்துக் கிடந்த பல். வெட்டித்தான் எடுக்க முடியும். சிஸ்டர் ஆன்டிபயாடிக் ஊசியை முறைப்படி சோதித்துப் போட்டுவிட்டு, "மெதுவா ஓடுத மோட்டாரை எடுத்து வைக்கட்டுமா டாக்டர்?" என்றார். அதைப் பொருத்தப் பத்து நிமிடமாகும். நான் பல் அடைப்பதற்கு வைத்திருந்த, காற்றால் சுழலும் டிரில்லையே எடுத்தேன். வெட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் கன்னம் உப்பியது. கண் மூடிக்கொண்டது. வீக்கம் கழுத்துக்கு இறங்கியது.

"மருந்து அலர்ஜி" என்றேன்.

சிஸ்டர் கன்னத்தில் விரல் வைத்தார். "இல்ல டாக்டர், தொட்டுப் பாருங்க. நொறுநொறுங்குது. உள்ள காத்து போயிருக்கு. கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது."

நான் தொடவில்லை. தொட்டால் தவறு என்னுடையதாகிவிடும்.

அலர்ஜி என்று நான் சொன்னது காதில் விழுந்து, வெளியே அந்தப் பெண்ணின் கணவர், ஊசி போட்டது யார் என்று இந்தியில் கத்தினார். நான் திரும்பிச் சிஸ்டரைப் பார்த்தேன், அவ்வளவுதான். "நான்தான் போட்டேன்" என்றார் அவர். அது உண்மைதானே.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனவரும் அவர்தான். சிந்தினால் காற்று இன்னும் பரவும் என்று, மூக்கைச் சிந்த விடாமல் வழியெல்லாம் பார்த்துக்கொண்டாராம். எக்ஸ்ரேயில் காற்று நெஞ்சுவரை இறங்கியிருந்தது. ஆக்சிஜன் கொடுத்துச் சில நாள் கவனித்ததில் காற்று தானாகக் கரைந்து, அந்தப் பெண் நலமாகிவிட்டாள். டிஸ்சார்ஜ் கடிதம் என் பெயருக்கு வந்தது. டிரில்லிலிருந்து புகுந்த காற்றே காரணம், மருந்து ஒவ்வாமை இல்லை என்று எழுதியிருந்தது. அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

இனி சிஸ்டர் ஊசி போட வேண்டாம் என்று கிளினிக் உரிமையாளர் சொல்லிவிட்டார். ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் அவர் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறை, யாரும் இல்லாதபோது, "லெட்டர் வந்திருக்கும்லா டாக்டர்?" என்று கேட்டார். "பாக்கறேன் சிஸ்டர்" என்றேன். மறுபடி அவர் கேட்கவே இல்லை. என்னை ஜல்தி டாக்டர் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

அவர் விரலை நான் எடுத்துக்கொண்டேன். எந்த ஞானப்பல்லை எடுத்தாலும், நோயாளி நாற்காலியை விட்டு எழும்முன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். எவ்வளவு கவனம் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

விரலை வைத்துக்கொள்கிறேன். கடிதத்தை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. இந்தத் தாளோடு சேர்த்து அதை மகளிடம் கொடுத்துவிட்டேன். கடைசி வரிசையில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். பாஸ்டர் ஐயா, அடுத்த வரியை மட்டும் கொஞ்சம் உரக்க வாசியுங்கள்.

மெர்சி சிஸ்டர் போட்ட ஊசியால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.