கையெழுத்துப் போடும் கை

என் வலது கையை உடைத்தது என் சொந்த வீட்டுக் கதவு. தேக்குதான் வேண்டும் என்று அடம்பிடித்து, செங்கோட்டை மரக்கடையை வீடியோவில் பார்த்துப் பார்த்து, மஸ்கட்டில் இருந்தபடியே நான் தேர்ந்தெடுத்த கதவு. பிளைவுட் போதும் என்று சொல்லியிருந்தால் எலும்பு தப்பித்திருக்கும்.

நான் நர்ஸ். மஸ்கட்டில் பதினோரு வருடமாக வேலை. இலஞ்சியில் வீடு கட்ட என் பெயரில் வங்கிக் கடன் வாங்கினேன். மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணை என் கணக்கிலிருந்து போய்விடும். சம்பளத்தில் பாதி அது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அலைய ஊரில் ஒரு ஆள் வேண்டுமே, அதற்காகக் கணவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்குப் பதிலாக அவர் கையெழுத்துப் போடலாம் என்கிற பத்திரம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இதைச் செய்கிறோம். வீடு முடிந்ததும் பவரை ரத்து செய்ய வேண்டும் என்று ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை. கட்டின புருஷனிடம் போய் உன்னை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? நானும் சொல்லவில்லை.

போன சீசனில் லீவுக்கு வந்திருந்தேன். கணவரின் நண்பர் ஒருவர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுக்கிறாராம். பத்து லட்சம் போட்டால் இவரும் பங்குதாரராம். அதற்கு வீட்டின் பேரில் மேற்கொண்டு கடன் வாங்க விண்ணப்பம் தயாராக இருந்தது. நான் ஊரில் இருப்பதால் என்னையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார் வங்கி மேனேஜர். மூன்று மாதச் சாரலை நம்பிப் பன்னிரண்டு மாதமும் தவணை கட்டுவது யார்? முடியாது என்றேன்.

"ஏட்டி, சம்பாதிக்கேங்கிற திமிரா? ஊர்ல எனக்குன்னு ஒரு மரியாத வேண்டாமா?"

"மரியாதய கடனுக்கு வாங்க முடியாதுங்க. இப்பவே பாதிச் சம்பளம் போவுது."

அறை விழுந்தது. அறை எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு லீவுக்கும் ஒன்றிரண்டு உண்டு. இன்னும் பத்து நாள்தானே என்று எண்ணிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வேன். இந்த முறை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். முடியைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினார். அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டு, கதவு நிலையைப் பற்றிக்கொண்டு வெளியே பாயப் பார்த்தேன். கதவைச் சாத்தினார்.

ஒரு தடவையோடு விட்டிருந்தால் ஆத்திரம் என்று நானும் விட்டிருப்பேன். என் கை மாட்டியிருப்பதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி ஓங்கிச் சாத்தினான். இனி அவனை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வராது.

"காத்துல கதவு அடிச்சிட்டு" என்று தென்காசி ஆஸ்பத்திரியில் சொன்னேன். சீசன் காற்றுக்கு எங்கள் பக்கம் கதவுகள் படார் படாரென்று அடிக்கும், அதனால் நல்ல பொய். அங்கிருந்த நர்ஸ் என் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் எத்தனை பெண்களிடம் கேட்காமல் விட்டிருக்கிறேன்! அன்றுதான் அதற்கு வெட்கப்பட்டேன். முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னை பைக்கில் ஏற்றி வங்கிக்குக் கூட்டிப் போனான். அவன் மூளையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர் அம்மா காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் மாவுக்கட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"எடது கையால போடுட்டி."

"பழைய கையெழுத்தோட ஒத்துப்போவணும் சார். கை சரியாவட்டும்" என்றார் மேனேஜர். ஏதோ நகல் எடுத்துவரச் சொல்லி அவனை வெளியே அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லுதேன்மா. நீங்க மஸ்கட்டுக்குப் போயிட்டா, பவர வச்சு அவரே கையெழுத்துப் போட்டுக்கிடலாம். நான் தடுக்க முடியாது. என்னைக்குக் கெளம்புதீங்க?"

"சனிக்கெழம."

"அதுக்குள்ள பாத்துக்கோங்க."

அடுத்த நாள் அவன் நண்பனோடு அருவிக்குக் குளிக்கப் போனதும் ஆட்டோ பிடித்துப் பத்திர ஆபீஸுக்குப் போனேன். பத்திரம் எழுதுகிறவர் ரத்துப் பத்திரத்தை எழுதி முடித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடத் தெரியாதாம்மா?"

"மூணு பாஷையில எழுதுவேன் அண்ணாச்சி. கைதான் இல்ல."

இடது கட்டைவிரலில் மை தடவினார்கள். கைநாட்டு வைப்பது கேவலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அந்த விரலை அன்று முழுக்கக் கழுவவில்லை. ஆட்டோக்காரர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நகலை வங்கியிலும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவன் ஈரத்தலையோடு வந்தான். ஒளிக்கத் தோன்றவில்லை. "பவர ரத்து பண்ணியாச்சு. இனி என் வீட்டுமேல நீ கடன் வாங்க முடியாது."

கழுத்தைப் பிடித்தான். கண் இருட்டியது. எனக்கு வீசக் கிடைத்தது மாவுக்கட்டுதான். முழு பலத்தோடு வீசினேன். அவன் முன்பல் இரண்டும் தரையில் தெறித்தன. அவன் கத்தியதை விட நான் கத்தினது அதிகம். சேர்த்து வைத்த எலும்பு மறுபடி நகர்ந்த வலி அது. மறுபடியும் அடித்தேன். அந்த இரண்டாவது அடி, அவன் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்த பிறகு அடித்தது. அதற்குத் தேவை இருந்தது என்று சொல்ல மாட்டேன். அடித்தபோது சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு வடகரையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனான். பூட்டை மாற்றிவிட்டுச் சனிக்கிழமை விமானம் ஏறினேன்.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. குழந்தைகளுக்கு முதல் குத்திலேயே நரம்பைப் பிடிப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. இப்போது என்னை ஊசி போட விடுவதில்லை. மேசையில் உட்கார வைத்து மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. "பல்லு கட்ட டாக்டர் முப்பதாயிரம் கேக்கான். அனுப்பு."

வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வங்கிச் செயலியைத் திறந்து, அவன் கணக்கைத் தொட்டு, முப்பதாயிரம் என்று அடித்தும் விட்டேன். பதினோரு வருடப் பழக்கம். அனுப்பு என்றால் அனுப்பிவிடுகிற கை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது, கதவிடுக்கில் மாட்டியபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. ஒவ்வொரு சைபராக அழித்தேன்.