நஸீஹாவும் வரப்போற கேமராவும்

எங்க பெரியபட்டினத்துல, கேமராவைக் கையால தொடாமலே கேமராவைப் பத்தி அத்தனையும் தெரிஞ்ச ஒரே ஆளு நஸீஹாதான். ஜப்பான்காரன் அடுத்து எந்த லென்ஸை விடப் போறான், அவனுக்குப் போட்டியா இன்னொருத்தன் என்ன ஒளிச்சு வச்சிருக்கான், எல்லாம் அதுக்கு அத்துப்படி. ஸ்டுடியோ வச்சிருக்கிற எனக்கே அதுதான் வந்து சேதி சொல்லும். எனக்கு வர்ற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல.

நான் பாண்டீஸ்வரன். சொந்த ஊரு உள்ள தள்ளி, மிளகாய் வெவசாயம். அய்யா காட்டைப் பாருடான்னாரு, நான் கேமராவைத் தூக்கிக்கிட்டு இங்கன வந்து கடை போட்டுட்டேன். நஸீஹா புருஷன் சஃபீர் என் சேக்காளி. ஒண்ணாப் படிச்ச பள்ளிக்கூடத்துல இருந்தே ரெண்டு பேருக்கும் கேமராக் கிறுக்கு. நான் ஒரு கம்பெனி ஆளு, அவன் இன்னொரு கம்பெனி ஆளு. பேரைச் சொன்னா இப்பவும் சண்டை வந்துரும், அதனால சொல்லல.

கல்யாணம் முடிஞ்ச கையோட சஃபீர் சார்ஜாவுக்குப் போனான். போறப்ப பொண்டாட்டிகிட்ட ஒண்ணு சொன்னான். "அடுத்த மாடல் வரட்டும். அதை வாங்கிட்டு ஒரேயடியா வந்துர்றேன். பாண்டி கடையில சேந்து கல்யாண வேலை பாக்கப் போறேன். அப்புறம் சார்ஜாவே வேணாம்."

அந்தப் புள்ள அதை அப்படியே பிடிச்சுக்கிருச்சு. கேமரா வந்தா மச்சான் வருவாக. சரி, கேமரா எப்ப வரும்? அதுக்குன்னே இன்டர்நெட்ல வதந்தி சைட்டு நடத்துறாங்கெ. நஸீஹா தையல் மிஷின்ல போனைச் சாத்தி வச்சு, ஜாக்கெட்டுக்கு ஓரம் அடிச்சுக்கிட்டே அதைப் படிக்கும். புரியாத இங்கிலீஷுக்கு என் கடைக்கு வரும். மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி, "மகன் சொகமா வந்து சேரணும்"னு துஆ கேட்டிருக்காக. பக்கத்துல நின்ன மருமக, கேமரா தள்ளிப் போயிரக் கூடாதுன்னு கேட்டிருக்கு. அதுவே வந்து என்கிட்ட சொல்லுச்சு. சிரிக்கிறதா, என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல.

அந்த சைட்டுல ஒவ்வொரு வதந்திக்கும் பக்கத்துல ஒரு குறி இருக்கும். இது நம்பலாம், இது பாதி நம்பலாம், இது சும்மா அடிச்சுவிடுறது. நஸீஹா அதைப் புருஷனுக்கும் போட ஆரம்பிச்சிருச்சு. "மச்சான் நோம்புக்கு வாராகளாம்ண்ணே. பாதி நம்பலாம்"னு ஒரு தடவை. "ஹஜ்ஜுப் பெருநாளைக்குன்னு சொல்றாக. சும்மா"ன்னு ஒரு தடவை. சொல்லும்போது சிரிக்கும். சிரிச்ச மொகத்தோடயே தெருவப் பாத்துக்கிட்டு நிக்கும்.

சார்ஜாவுல வாட்ஸப்ல முகம் பாத்துப் பேச விட மாட்டாங்கெ. வேற ஏதோ ஆப்ல வருவான், படம் பாதியில நின்னுபோகும். அதுக்குப் பதிலா போட்டோ அனுப்புவான். கட்டடம், கப்பல், ராத்திரி ரோடு. எடுக்கிறவன் போட்டோவுல எங்க இருப்பான்? ஒரே ஒரு படத்துல, ஒரு கடைக் கண்ணாடியில அவன் நெழல் விழுந்திருந்துச்சு. மூஞ்சியில பாதியை கேமரா மறைச்சிருந்துச்சு. நஸீஹா அதைக் கொண்டாந்து, "இந்த எடத்தை மட்டும் பெருசாக்கித் தாங்கண்ணே"ன்னு கேட்டுச்சு. எவ்வளவோ பாத்தேன், புள்ளி புள்ளியாத்தான் வந்துச்சு. பிரிண்டை வாங்கி ரொம்ப நேரம் பாத்துச்சு.

"புது கேமராவா இருந்தா முகம் தெரிஞ்சிருக்கும்லண்ணே?"

ஆமாம்மான்னேன்.

ஒருநாள் கடையில சும்மாதான கெடக்கேன்னு, "வாம்மா, ஒன்னைய ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்புவோம்"னு கூப்பிட்டேன். மாட்டேனுருச்சு. "மச்சான் வந்து புதுசுல எடுக்கட்டும்ண்ணே. அதுவரைக்கும் யாரும் எடுக்க வேணாம்." வீம்பு புடிச்ச புள்ள.

போன மாசம் அந்தக் கேமரா நெசமாவே வந்துருச்சு. கம்பெனிக்காரனே அறிவிச்சுட்டான். நான் கடை ஷட்டரைத் தூக்குறதுக்குள்ள நஸீஹா வாசல்ல வந்து நின்னுச்சு. மூச்சு வாங்குது. "அண்ணே, இது வதந்தி இல்லண்ணே" அப்படிங்குது. அன்னைக்கே மாடி அறையைக் கழுவி, மெத்தையை வெயில்ல போட்டுருச்சு. மாமியார் தெருவெல்லாம் சொல்லிட்டாக. எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. கடையில அவனுக்கு ஒரு மேசைகூட ஒதுக்கினேன்.

ஒரு வாரம் கழிச்சு அவன்கிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. நஸீஹா அதைக் கடையில வச்சுப் போட்டுக் காமிச்சுச்சு. "நஸீ, இப்ப இதை வாங்கினா ஏமாந்துருவோம். மத்த கம்பெனிக்காரன் இதைவிடப் பெருசா ஒண்ணு விடப் போறானாம். கொஞ்சம் பொறு, அதைப் பாத்துட்டு வந்துர்றேன்."

எனக்கு வந்துச்சே கோவம். அங்கனயே, அந்தப் புள்ளைக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல அவனுக்குப் போனைப் போட்டேன். "ஏலே, காலம் பூரா கட்டிக்கிட்டு அழுத கம்பெனிய விட்டுட்டு இப்ப எதிராளிக்குக் காத்துக் கெடக்கியா? ஒனக்குக் கேமரா வேணுமா, வீடு வேணுமா?"

அவன் மெதுவாச் சொன்னான். "மாப்ள, இத்தனை வருசம் கழிச்சு வர்றேன். வந்து நின்னா நாலு பேரு அசந்து பாக்கணும்டா. அரைகுறையா வரப் பயமா இருக்குடா." கொரலு அழுகிற மாதிரிதான் இருந்துச்சு. நஸீஹா துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

அதுக்கப்புறம் கடைப் பக்கமே வரல. நேத்து வந்துச்சு. வந்ததும் வெள்ளைத் திரைக்கு முன்னாடி ஸ்டூல்ல போயி உக்காந்துருச்சு.

"எடுங்கண்ணே. விசாவுக்கு. வாப்பாகிட்ட பேசிட்டேன், ஏஜென்ட்கிட்டயும் சொல்லியாச்சு."

"புதுசு வரட்டும்னியேம்மா. என்கிட்ட இந்தப் பழசுதான் இருக்கு."

"இது போதும்ண்ணே. அவுக வர மாட்டாக. நான் போறேன்."

ரெண்டு மூணு எடுத்தேன். கேமராவைத் திருப்பிக் காமிச்சேன். நஸீஹா குனிஞ்சு உத்துப் பாத்துச்சு.

"நெழல்ல கொஞ்சம் புள்ளி அடிக்குது. பரவாயில்லண்ணே. அவுகளுக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சாச் சரி."