சித்தப்பா பார்க்காமல் எழுதிய செய்தி

செவ்வாய்க்கிழமை காலை தம்பி போன் செய்து, "சித்தப்பா போயிட்டாருக்கா" என்றான். எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. "நீயும் அவர மாதிரியே நோண்டிக்கினு இருக்கியே" என்றான் தம்பி, அவனும் அழுதுகொண்டே.

அவரை அறிந்தவர்களுக்கு இது புரியும். தாமோதரன் சித்தப்பா ஒரு நாளிதழுக்குக் காஞ்சிபுரம் நிருபராக இருந்தவர். கேள்வி கேட்காமல் அவரால் ஒரு டீ குடிக்க முடியாது. ஒருமுறை அவரோடு வாலாஜாபாத் பேருந்தில் போனேன். பக்கத்தில் கோழிக்கூண்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சைத் தொடங்கினார். கோழிக்கு என்ன தீனி, கூண்டை யார் பின்னியது என்று போய், அந்த மனிதரின் பங்காளிச் சண்டை வரைக்கும் வந்துவிட்டது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம். வெயிலில் திரும்பி நடக்கும்போது நான் முணுமுணுத்தேன். "அந்தாளு இன்னும் பாதி கூட சொல்லலம்மா" என்று அவர் வேறு கவலையில் இருந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். அவர் கேட்ட கேள்விகளில் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவைத் தனியே அழைத்து, "உங்க தம்பி போலீஸா?" என்று விசாரித்தார். அந்த மாப்பிள்ளைதான் என் கணவர். சித்தப்பா வீட்டுக்கு வருகிறார் என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

இத்தனை கேட்டவர் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னதில்லை. பத்திரிகை வேலை ஏன் போனது? அதற்குப் பிறகு ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டு காலத்தை ஓட்டினார். வீட்டில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். யாரிடமோ காசுக்குக் கைநீட்டி மாட்டிக்கொண்டார் என்பது அதில் ஒன்று. நானும் அதைப் பாதி நம்பினேன். நேராகக் கேட்டால், "அது ஒண்ணும் பெரிய சேதி இல்லம்மா" என்பார்.

காரியத்தன்று ஒரு வேனில் எட்டுப் பேர் மாலையோடு வந்து இறங்கினார்கள். எங்களில் யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை. வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கிராமம் என்றார்கள். அவர்களில் ஊராட்சி உறுப்பினராக இருந்த செங்கேணியம்மா என்பவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சித்தப்பாவை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க ஊர பத்தி பொய் எழுதுனாரும்மா" என்றார் அவர்.

இரவில் நடக்கும் விழாவின் செய்தியை மதியமே எழுதி அனுப்பிவிடுவது நிருபர்கள் வழக்கம். மாலையில் பக்கம் முடிந்து அச்சுக்குப் போய்விடும். வருடா வருடம் நடப்பதுதானே என்று போன வருடச் செய்தியைப் பார்த்து எழுதுவார்கள். அவர்கள் ஊர் மாசித் தெப்பத் திருவிழாவுக்கும் சித்தப்பா அப்படித்தான் செய்திருக்கிறார்.

"அன்னிக்கி தெப்பம் மிதக்கவே இல்ல. முழங்கால் தண்ணிதான். தரையில உக்காந்துக்கிச்சி. மறுநாள் பேப்பர்ல, குளம் நெறஞ்சி இருந்திச்சி, தெப்பம் மூணு சுத்து வந்திச்சின்னு போட்டிருக்குது."

ஏரியிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாயை ஒருவர் மண் கொட்டி மூடி, மனை போட்டுவிட்டார். அதைத் திறக்கச் சொல்லி ஊரே மனு கொடுத்தது. அதிகாரி அந்தச் செய்தியைக் காட்டி, குளம்தான் நிரம்பியிருக்கிறதே என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

"சண்டைக்குதாம்மா இந்த வீட்டுக்கு வந்தோம். தனியா சாப்டுக்கினு இருந்தாரு. கைய கழுவிட்டு வந்து, நான் அன்னிக்கி வரவே இல்லம்மா, பார்க்காம எழுதிட்டேன்னாரு."

மறுப்புப் போடச் சொல்லிச் சித்தப்பா கேட்டதற்கு, சின்னச் செய்தி, விட்டுவிடுங்கள் என்றது பத்திரிகை. அவர் விடவில்லை. அடுத்த குறைதீர் கூட்டத்தில் ஊர்க்காரர்களோடு வரிசையில் நின்று, தான் எழுதியது பொய் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த வாரமே வேலை போய்விட்டது.

கால்வாயைத் திறக்க இரண்டு வருடம் ஆனதாம். அந்த மாசித் தெப்பத்துக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "குளத்து படிக்கட்டுலயே நின்னுக்கினு இருந்தாரு. இப்ப எழுதுங்க சார்னேன். எதுலம்மா எழுதறதுன்னு சிரிச்சாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. உலகத்தையே விசாரித்த மனிதரை, நான் விசாரிக்காமலேயே சந்தேகப்பட்டிருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அனுப்ப இடமில்லாமல் அவரிடமே தங்கிவிட்ட அந்தச் செய்தியைத்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன். கால்வாய் திறந்த அந்த வருடம் குளம் நிறைந்திருந்தது. தெப்பம் மூன்று சுற்று வந்தது. நான் பார்க்கவில்லை. செங்கேணியம்மா பார்த்திருக்கிறார். என் சித்தப்பா, சாமி கரையேறும் வரை நின்று பார்த்திருக்கிறார்.