விளக்குக்கு வைத்த பொட்டு

கோட்டுச்சேரித் தமிழ்ச்செல்வனை ஊரில் லைட்டுக்காரர் என்பார்கள். உண்மையில் அவர் விளக்குச் செய்பவர் அல்ல, எல்.இ.டி. விளக்கை எரியவைக்கும் சர்க்யூட்டை வடிவமைப்பவர். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. அந்தக் கணமே கருகிப்போகும். அதற்கு வேண்டிய கரண்டை மட்டும் கூடாமல் குறையாமல் கொடுக்க, நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர்.

அப்பாவுக்கு நெல் சாகுபடி. மகன் பாலிடெக்னிக் முடித்துப் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பி, மாடியறையில் மேசை போட்டு, காரைக்கால் டவுனில் விளக்குப் பட்டறை வைத்திருந்த காதர் பாட்சாவுக்கு டிரைவர் வடிவமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

"தமிழு, பெட்டி சின்னதா, தட்டையா இருக்கணும். எடை தூக்குனா எவனும் வாங்க மாட்டான்" என்றார் பாட்சா.

எடை குறைய வேண்டுமானால் டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கும் விளக்குக்கும் நடுவே அதுதான் சுவர். சுவர் போய்விட்டால் எல்.இ.டி. பதித்த தகட்டின் மேல்பக்கம் முழுவதும் வீட்டுக் கரண்டோடு நேராகத் தொட்டு நிற்கும். கைக்கு எட்டாத உயரத்தில், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் விளக்குக்கு அது தப்பில்லை. அப்படி எத்தனையோ விளக்குகள் எரிகின்றன. தமிழ்ச்செல்வனும் டிரான்ஸ்பார்மரை எடுத்தார். "உயரத்தில் மாட்டவும், மூடியைக் கழற்றக் கூடாது" என்று பெட்டியில் அச்சடிக்கவும் சொன்னார்.

காரைக்கால்மேட்டு மீன் ஏலக்கூடத்தில் விளக்கு மினுக்குகிறது என்று புகார் வந்தபோது, ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறதோ என்று பார்க்கத்தான் போனார். அங்கே முதல் விளக்கு கூரையில் இல்லை. நைலான் கயிற்றில் கட்டி, நெஞ்சு உயரத்துக்கு இறக்கியிருந்தார்கள். மூடியையும் காணோம்.

"மூடி எங்கக்கா?"

"உப்புக்காத்துல பூத்து மங்கிப்போச்சு தம்பி. கழட்டிக் கடாசிட்டோம்" என்றார் விசாலாட்சி. ஏலத்தில் முதல் குரல் அவருடையதுதான். "கிட்டக்க வச்சாத்தான் வஞ்சிரம் வெள்ளியா மின்னும். வாங்க வரவன் கண்ணு மீன்ல நிக்கணும்ல?"

"தொட்டா ஷாக் அடிக்கலையா?"

பெண்கள் சிரித்தார்கள். பக்கத்தில் சென்னாகுனிப் பொடி இறாலை அள்ளிக்கொண்டிருந்த பூங்கொடி, "ஓரத்துல கை பட்டா அத்தைய சுருக்குன்னு கடிக்கும். மாமா கடிச்சதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமில்ல" என்றாள்.

"போடி இவளே! செருப்புப் போட்டிருந்தா ஒண்ணும் பண்ணாது தம்பி. பழகிடுச்சு."

தமிழ்ச்செல்வனுக்குச் சிரிப்பு வரவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். தகட்டின் ஓரங்களில் உப்பு படிந்து, கரண்டு கசிய வழி உண்டாகியிருந்தது. ஈரம் ஏற ஏற அது கூடும். தரையோ எந்நேரமும் கடல் தண்ணீரில் நனைந்த சிமெண்டு. அந்தப் பெண்களுக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது ரப்பர் செருப்பு ஒன்றுதான்.

"நான் மாத்திக் குடுக்குற வரைக்கும் செருப்பக் கழட்டாதீங்க. யாரும் இதத் தொடவே தொடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் பாட்சாவிடம் போனார்.

"அவுங்க மூடியக் கழட்டுனா நாம என்ன பண்றது? தடைக்காலம் வருது, கூடமே பூட்டிக் கிடக்கும். அதுக்குள்ள புதுசா செஞ்சுடு, மாத்திடலாம்" என்றார் பாட்சா.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நின்றன. தமிழ்ச்செல்வன் டிரான்ஸ்பார்மரோடு புது டிரைவர் வடிவமைத்தார். தண்ணீர் புகாத பெட்டியில் அடைத்து, உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டுச் சோதித்தார். படகுகள் திரும்பும் நாளில், ஏலத்துக்கு முன்பே மாற்றிவிடலாம் என்று பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். செருப்பு இருக்கும்வரை ஆபத்தில்லை என்ற கணக்கு அவர் மனத்தில் இருந்தது.

கூடத்து வாசலில் அந்தக் கணக்கு பொய்த்தது. செருப்புகள் வெளியே குவிந்து கிடந்தன.

தடைக்காலம் முடிந்து வரும் முதல் மீன்பாட்டுக்குப் பூசை. தராசு, கத்தி, கூடை எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூசைக்குத் தம்முடைய மீட்டருக்கே பொட்டு வைக்கிறவர் அவர். இவர்களும் விளக்குக்கு வைப்பார்கள் என்று ஏனோ தோன்றாமல் போயிற்று. விசாலாட்சி வெறுங்காலோடு தண்ணீரில் நின்று, இடக்கையால் விளக்கைப் பிடித்து, வலக்கை விரலில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். பின்னால் பெண்கள் தொட்டுக் கும்பிட வரிசையில் நின்றார்கள்.

விளக்கு எரியவில்லை.

"அக்கா, விடுங்க!"

"கரண்டு இல்ல தம்பி, போயி நாழியாச்சு. செத்த விளக்கு கடிக்குமா?"

"எப்ப வேணா வரும்க்கா! மெயின் எங்க?"

"ரூமுல. சாவி காவக்காரர் கண்ணையன்கிட்ட. அவரு படகு வருதான்னு பாக்கக் கரைக்குப் போயிருக்காரு."

"கைய எடுங்கக்கா, உங்க கால்ல விழுறேன்."

"பாதியில நிறுத்துனா கடல்ல இருக்குறவனுக்கு ஆகாது. எம் மவன் படகு இன்னும் வரல. சும்மா இருங்க."

இனிப் பேசிப் பயனில்லை. ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, ரப்பர் பிடி போட்ட கட்டரை எடுத்தார். அவர் காலும் நனைந்துதான் இருந்தது. இந்த நொடி வந்துவிட்டால் என்ற நினைப்பைப் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டு வயரை வெட்டினார். அடுத்துக் கயிற்றை. விளக்கு விசாலாட்சியின் கையோடு இறங்கியது. மேலிருந்து தொங்கிய வயர் முனை தண்ணீரில் விழாதபடி அதைக் கட்டரால் கவ்விப் பிடித்தார்.

"கெடுத்தானே பாவி!" என்று யாரோ கத்தினார்கள்.

அந்தக் கத்தல் முடியுமுன் ஐஸ் மெஷின் உறுமியது. கூரையில் இருந்த மற்ற விளக்குகள் ஒன்றாக எரிந்தன. அவர் கையில், கட்டரின் பல்லில், வெட்டிய வயரின் முனை நீலமாய் ஒரு தடவை பொறிந்தது.

"யாரும் அசையாதீங்க! எங்கிட்ட வராதீங்க! யாராச்சும் ஓடிப்போயி கண்ணையனக் கூட்டியாங்க!"

வாசலோரம் நின்றவள் ஓடினாள். தமிழ்ச்செல்வன் பெட்டியின்மேல் கையை உயர்த்தியபடியே நின்றார். அது தாழ்ந்தால் கீழே தண்ணீர். தண்ணீரில் அத்தனை வெறுங்கால்கள். கண்ணையன் வந்து மெயினை இறக்கி, கூடம் இருண்ட பிறகே அவர் கை கீழே வந்தது.

விசாலாட்சி அந்த விளக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தனம் தகட்டில் வழிந்திருந்தது. அவர் திட்டவில்லை.

"தம்பி, இதே விளக்குத்தானே பாய் எல்லா ஊருக்கும் வித்தாரு? பூவம் பக்கம், நாகூர்ப் பக்கம், இன்னிக்கு எல்லா எடத்துலயும்தான் படகு வருது."

தமிழ்ச்செல்வன் பாட்சாவுக்குப் போன் போட்டார். இன்னும் யார் யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டார்.

"கடைக்கு வந்து வாங்கிட்டுப் போனவங்க தமிழு. யாரு, எந்த ஊருன்னு நான் எங்க போயி சொல்ல?"

அன்று தொடங்கியது. இப்போதும் பைக்கில் அலுமினிய ஏணியைக் கட்டிக்கொண்டு கடற்கரை ஊர்களில் அவர் சுற்றுவதைக் காணலாம். ஐஸ்கடை, இறால் கொட்டகை, கருவாட்டுச் சந்தை என்று எங்கே நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறார். பிறகு அங்கே நிற்பவர்களின் காலைப் பார்க்கிறார். கிடைத்த விளக்குகளை மாற்றிவிட்டார். மற்றவை எங்கோ, மூடியில்லாமல், கைக்கெட்டும் உயரத்தில் எரிந்துகொண்டிருக்கின்றன.