அதிகாரி உட்காரச் சொன்ன இடம்

எங்கள் ஊரில் இரண்டு தொடக்கப்பள்ளிகள் இருந்தன. ஒன்று ஊருக்குள், இன்னொன்று காலனியில். நடுவில் கண்மாய்க் கரை. நாலு நிமிஷ நடை. இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு என்று யாரும் கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை. காலனிப் பள்ளியில் பிள்ளைகள் பதினொன்றாகக் குறைந்ததும் அதை ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். இப்படித்தான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில், போராட்டமோ மாநாடோ இல்லாமல், சிக்கன நடவடிக்கையாகச் சமத்துவம் வந்து சேர்ந்தது. அப்போது நான் நாலாம் வகுப்பு.

முதல் நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தலைமை ஆசிரியர் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. எங்கள் பதினொரு பேருக்கும் வராண்டாவைக் காட்டி, “இங்கன காத்து நல்லா வரும்மா” என்றார்.

வகுப்பறைக்குள் எட்டே பேர் இருந்தார்கள். தலைக்கு மேல் இரண்டு ஃபேன்.

“உள்ள ஃபேன் ஓடுதே சார்?” என்றாள் அம்மா.

“ஃபேன் காத்து பிள்ளைகளுக்கு ஆகாது. சளி பிடிக்கும்.”

ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேரும் சளி பிடிக்கும் ஆபத்தில் உள்ளே இருக்க, நாங்கள் மட்டும் ஆரோக்கியமாக வெளியே உட்கார்ந்தோம். வராண்டாவிலிருந்து பார்த்தால் கரும்பலகையின் வலது பாதிதான் தெரியும். அதனால் எல்லாக் கணக்குக்கும் விடை எனக்குத் தெரிந்தது. கேள்விதான் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளில் எங்கள் தட்டுக்கு மட்டும் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி. “மாறிப்போயிரக் கூடாதுல்ல” என்றார் தலைமை ஆசிரியர். எல்லாமே அரசாங்கம் கொடுத்த ஒரே மாதிரித் தட்டு. மாறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அவர் எப்போதுமே அந்தக் காரணத்தைச் சொன்னதில்லை. காற்று, உயரம், சளி, வசதி என்று வேறு எல்லாவற்றையும் சொல்வார். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீண்டாமை பாவம் என்று போட்டிருக்கும். அதை உள்ளே எட்டுப் பேரும் வெளியே பதினொரு பேரும் ஒரே குரலில் வாசிப்போம். முடித்ததும், “இது பரீட்சையில வராது, பக்கத்தத் திருப்பு” என்பார்.

ஆடி மாதம் முடியும்போது ஓர் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை தலைமை ஆசிரியர் எங்களை உள்ளே கூப்பிட்டார். “இன்னைக்கு எல்லாரும் கலந்து உட்காருங்க. சிரிச்ச முகமா இருங்க.”

எனக்கு ஃபேனுக்கு நேர் கீழே, இரண்டாவது பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட ஊர்ப் பிள்ளை ஒருத்தி. அதிகாரி நுழைந்ததும் எல்லோரும் எழுந்தோம். “உட்காருங்க, உட்காருங்க” என்றார். உட்கார்ந்தோம். ஏழெட்டு எத்தனை என்று கேட்டார், சொன்னோம். படம் எடுத்துக்கொண்டார், ஏட்டில் ஏதோ எழுதினார், இளநீர் குடித்தார், கிளம்பினார்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள், “சரி, அவங்கவங்க எடத்துக்குப் போங்க” என்றார் ஆசிரியர்.

பத்துப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நான் எழவில்லை. இதைக் கேட்பவர்கள் எனக்குள் ஏதோ பெரிய எண்ணம் இருந்ததாக நினைக்கிறார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கரும்பலகை முழுசாகத் தெரிந்தது.

“என்னம்மா, காது கேக்கலையா?”

“அந்த சாரு இங்கதான உட்காரச் சொன்னாரு.”

“அவரு போயிட்டாரு.”

“போகும்போது எந்திரிக்கச் சொல்லலையே சார்.”

உண்மையான காரணத்தைச் சொல்லித்தான் என்னை எழுப்ப முடியும். அது ஒன்றுதான் அவர் வாயில் வராது. கடைசியில், “சளி பிடிக்கும்” என்றார்.

“பரவால்ல சார்.”

வாசலில் நின்ற பத்துப் பேரில் ஒருத்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொருவன். மணி அடிப்பதற்குள் வராண்டா காலியாகிவிட்டது.

மத்தியானம் எனக்கு ஒன்றுக்கு முட்டியது. எழுந்தால் இடம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ரெட்டைச் சடைக்காரி என் முகத்தைப் பார்த்தாள். “போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்” என்று தன் பென்சில் டப்பாவை என் இடத்தில் வைத்தாள். நான் திரும்பி வரும்போது ஆசிரியர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஊர்ப் பிள்ளையின் டப்பா. அதை நகர்த்த அவருக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் சொன்னபோது அடி விழும் என்று நினைத்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்: “நாளைக்கும் அங்கனதான் உட்காருவியா?”

“ஆமா.”

“அப்ப நானும் வாரேன்.”

நூறு நாள் வேலைக்குப் போகாமல் மூன்று நாளும் பள்ளிக்கூடத்து வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் ஊர்க்காரர்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். எல்லா விண்ணப்பத்திலும் ‘வெளியூர் செல்வதால்’ என்று எழுதியிருந்ததாம். அத்தனை குடும்பம் வெளியூர் போயும் ஊரில் ஒரு வீடுகூடப் பூட்டிக் கிடக்கவில்லை. பிள்ளைகள் அருப்புக்கோட்டையில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேனில் போனார்கள். வேனை ஓட்டியவர் காலனிக்காரர், என் தாய்மாமா. அந்த இங்கிலீஷ் பள்ளியில் ஒரு பெஞ்சில் நாலு பேர். யார் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? ஃபீஸ் கட்டினால் தீட்டு போய்விடும்போல.

ரெட்டைச் சடைக்காரியும் போனாள். முதல் நாள் வேன் ஜன்னலிலிருந்து எனக்குக் கையை ஆட்டினாள். மறுநாள் நான் நிற்கும் பக்கத்தை விட்டு வேனின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபேன் காற்று பிடிக்காமல் போனதும் அன்றைக்குத்தான்.

பிள்ளைகள் குறைந்ததும் ஆசிரியர் பணியிடத்துக்கு ஆபத்து வந்தது. தலைமை ஆசிரியர் ஒரே இரவில் சமத்துவவாதி ஆனார். ஊருக்குள் வீடு வீடாகப் போய், “பிள்ளைகளப் பிரிச்சு வைக்கிறது பாவங்க. புத்தகத்துல மொதப் பக்கத்துலயே போட்டுருக்கு” என்று மன்றாடினார். அப்போது யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் மக்காச்சோளத்தில் புழு விழுந்தது. வேனுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் அடுத்த ஜூன் மாதத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தார்கள். புதுத் தட்டுகள் வந்தன. புள்ளி வைக்க யாரும் பெயிண்டு வாங்கவில்லை. ரெட்டைச் சடைக்காரி மட்டும் வரவில்லை.

இப்போது நான் அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் தலைமை ஆசிரியருக்குப் பணி நிறைவு விழா. பழைய மாணவி என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் பேசியவர், தீண்டாமையை விரட்டியடித்த மாமனிதர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆசிரியர் என்னைக் காட்டி, “இந்தப் பிள்ளைய நான்தான் உள்ள உட்கார வச்சேன்” என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார்.

நான் மைக்கைப் பிடித்து, “சார் என்னய எந்திரிக்கச் சொன்னாரு. நான் எந்திரிக்கல” என்றேன். நல்ல நகைச்சுவை என்று கூட்டம் கைதட்டியது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னைத் தேடி வந்தார். “நான் அப்படியா சொன்னேன்?”

“ஆமா சார்.”

பொன்னாடையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். “சொல்லிருப்பேன்மா. ஊருக்குள்ளதான் வாடகைக்கு இருந்தேன். காலி பண்ணச் சொல்லிருவாகளோன்னு பயம்.”

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பயம் இருந்தது என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் என் கையில் ஒரு லட்டைக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர்மேல் கோபப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.