கரை தெரியாத வீடியோ

நேற்றுப் பகல் மின்சாரம் போயிருந்தது. கடைக்குள் துளி காற்றில்லை. போன் பெட்டி மட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தபோது தவம் அனுப்பிய வீடியோ வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. தவம் என் கூட்டாளி; இங்கே மீன்பிடித்தவன், இப்போது பின்லாந்தில் இருக்கிறான். வீடியோவில் வெள்ளை வெளேரென்று ஐஸ். அதில் சட்டி அகலத்துக்கு வெட்டிய ஒரு துவாரம். துவாரத்துக்குள் ஒரு வயர் இறங்குகிறது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் ஒரு சின்னத் திரை. திரையில் நம்மூர்ச் சீலாவைப் போல நீள வாயுள்ள ஒரு மீன், தூண்டிலுக்கு முன்னால் அசையாமல் நின்று யோசிக்கிறது. பைக் என்று அதற்குப் பெயராம். "பாத்தியா மச்சான், இவரும் எங்கட வீட்டுக்காரர் மாதிரியே நிக்கிறார்" என்று தவத்தின் குரல். வீடியோ அதோடு முடிந்துவிட்டது.

உங்களுக்கு இதில் ஒன்றும் இருக்காது. நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஐஸ் என்றால் எனக்குத் தெரிந்தது துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையிலிருந்து சாக்கில் கட்டி வருகிற பாளம்தான். கோடரிப் பிடியால் உடைத்து மீன் பெட்டிக்குள் கொட்டுவார்கள். அதற்குக் கீழே இருப்பது செத்த மீன். ஐஸுக்குக் கீழே உயிரோடு மீன் நீந்தும், அதன் மேலே மனிதர் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எங்களுக்கு முதன்முதலில் சொன்னது பக்கத்து நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர். பின்லாந்துக்காரர். தவம் அவரைப் பத்து நாள் தன் படகில் மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனான். அவர் கொண்டு வந்திருந்த பைக்குள் ஒரு கமரா இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கமரா, எட்டுப் பாகம், அதாவது ஐம்பதடிக்குக் கிட்ட நீளமான வயர், வெயில் படாமல் கறுப்பு மறைப்பு வைத்த திரை. தங்கள் ஊரில் ஐஸுக்குள் விடுவது என்று சொன்னாராம். தவம் அதை என்னிடம் வந்து சொன்னபோது, வெள்ளைக்காரர் அன்று கொஞ்சம் கூடுதலாகக் குடித்திருப்பார் என்றே நான் நினைத்தேன்.

போகும்போது அவர் அந்தக் கமராவைத் தவத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்து ஒரு வாரத்தில் வயர் அறுந்தது. ஐஸுக்கு அடியில் தண்ணீர் அசையாமல் கிடக்குமாம். நம் கடல் அப்படியா? நீரோட்டத்தில் கமரா பம்பரமாகச் சுற்றி, கடைசியில் எதிலோ சிக்கி, இழுத்து எடுத்தபோது உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

அப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன். போன் திருத்தப் பழகிவிட்டுச் சொந்தமாகக் கடை போட்ட புதிது. ஈயம் பற்றவைக்கிற புகை வாசம் இன்றைக்கும் மூக்கில் ஏறினால் அந்த வயர்தான் ஞாபகம் வருகிறது. மூன்று தரம் பற்றவைத்து, ரப்பர் சுற்றி, பசை பூசி உயிர் கொடுத்தேன். தவம் கமராவோடு ஓர் ஈயக்கட்டியைச் சேர்த்துக் கட்டினான், சுற்றாமல் இருக்க. கடலில் மறுபடி அறுந்தால் என்ன செய்வது என்று என்னையும் படகில் ஏற்றிக்கொண்டான். நான் நகரக் கரையில் பிறந்தவன், ஆனாலும் படகில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் வாந்தி எடுப்பேன். எங்கள் குடும்பத்தில் இதை வெளியில் சொல்வதில்லை.

தவத்துக்கு ஒரு கல் இருந்தது. கடலுக்கு அடியில் கிடக்கிற பாறையைத்தான் சொல்கிறேன். சாம்பல்தீவுக் கரைக்கு நேரே, கடலில் கொஞ்சம் வெளியே. ஒருநாள் அவனுடைய நங்கூரம் அதில் மாட்டியதால் கண்டுபிடித்தான். கல்லில் மீன் நிற்கும். கல் இருக்கிறவனுக்கு அடுப்பு எரியும். தவம் வீட்டில் அப்போது அவன் மனைவி கலாவும் நடக்கப் பழகுகிற மகளும். அந்த மூன்று பேரும் அந்தக் கல்லின் மேல்தான் இருந்தார்கள் என்று சொன்னால் பிழையில்லை.

கடலில் கல்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாதே. கரையைப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். கரையில் முன்பின்னாக நிற்கும் இரண்டு பொருள்கள் ஒரே நேரில் வந்தால் ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு சேர்ந்தால் இன்னொரு கோடு. கோடுகள் வெட்டுகிற இடத்தில் கல். இதற்குக் குறி என்று பெயர். ஒருவன் குறியை மற்றவன் கேட்பதில்லை. கூடப் பிறந்தவனுக்கும் சொல்வதில்லை. தூரத்தில் வேறு படகு தெரிந்தால், தூண்டிலைச் சுருட்டிவிட்டு இயந்திரம் பழுது போல நடிப்பார்கள். அதனால் கல்லை நெருங்கும்போது தவம் சொல்வான்:

"டேய், கரைக்கு முதுகு காட்டி இரு. திரும்பினா தண்ணிக்குள்ள தள்ளிப்போடுவன்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நானும் சிரித்துக்கொண்டு கிழக்கே பார்த்து உட்காருவேன். வாந்திக்கும் அந்தப் பக்கம்தான் வசதி.

முதல்முறை கமராவை இறக்கியபோது இரண்டு பேரும் ஒரு சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு திரையைப் பார்த்தோம். கல்லைச் சுற்றி விளைமீன்கள். மேலே ஓராக் கூட்டம். கல்லின் பொந்திலிருந்து, உதடு கிழிந்த ஒரு பெரிய கலவாய் மீன் மெதுவாக வெளியே வந்தது. இரையை முகர்ந்தது. கமராவைப் பார்த்தது. எங்களையே பார்த்த மாதிரி இருந்தது. பிறகு திரும்பிப் பொந்துக்குள் போய்விட்டது.

"உதட்டைப் பார். முந்தி என்ர தூண்டிலை அறுத்தவர் இவர்தான்" என்றான் தவம். "இவர்தான் இஞ்ச வீட்டுக்காரர். நாங்க வாடகைக்கு வாறவை."

அன்றிலிருந்து வீட்டுக்காரர் வெளியே வந்தால் தூண்டிலை மேலே தூக்கிவிடுவான். ஏன் என்று கேட்டேன். "அவர் இருந்தாத்தான் மற்றதுகள் இருக்கும்" என்றான். அது உண்மையோ தெரியாது. கமராவில் ஒருவரைத் தினமும் பார்த்த பிறகு அவரைக் குழம்பு வைக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் நல்லது. ஆனால் இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஒரு விடியற்காலை கடல் கண்ணாடி போலக் கிடந்தது. வீட்டுக்காரர் வந்து கமராவோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றார். அந்தத் திரையை என் போனில் வீடியோ எடுத்தேன். தவம் குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டிருந்தான். சூரியன் வந்துகொண்டிருந்தது. அழகாக இருந்ததால் போனை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினேன். கடல், கோணேசர் மலை, கரை, மறுபடி கடல். அன்று பின்னேரம் கடையில் இருந்து அதைப் பேஸ்புக்கில் போட்டேன். என் கடைப் பெயரையும் எழுதினேன். இருபது வருடம் படகோடு கிடந்தவனுக்குக் கிடைக்காத பெயர் எனக்கு இரண்டே நாளில் கிடைத்தது. தூரத்துக் கிளிவெட்டியிலிருந்து போன் திருத்த வந்த ஒருவர்கூட, "மீன் வீடியோ போட்ட தம்பி நீங்களோ?" என்று கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நாலாம் நாள் தவம் போனபோது கல்லின் மேல் மூன்று படகுகள் நின்றன. அடுத்த கிழமை ஏழு. பிறகு மூச்சுக் குழாயோடு இறங்குகிறவர்கள் வந்தார்கள். பிறகு ஒருநாள், கரையில் நின்றவர்களுக்கே கேட்டதாம், மீனை மொத்தமாக அள்ள யாரோ தண்ணீருக்குள் வெடி போட்டார்கள்.

அன்று மத்தியானம் தவம் கடைக்கு வந்தான். சத்தம் போடுவான் என்று பயந்தேன். முகம் கழுவாமல், உப்புப் படிந்த கையோடு கதிரையில் உட்கார்ந்து, "அந்த வீடியோவைக் காட்டு" என்றான். முழுவதும் பார்த்தான். சுற்றுகிற இடம் வந்ததும், "இதில நிப்பாட்டு" என்றான். திரையில் கரைத் தண்ணீர்த் தாங்கி பின்னால் நின்ற பனையைச் சரியாக மறைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி நிறுத்தச் சொன்னான். கோணேசர் மலையின் விளிம்பில், அதற்குப் பின்னால் இருக்கிற கடல்முனை நகம் அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியாது மச்சான். தெரிஞ்சவனுக்குக் குறி பிடிக்க இது காணும்."

குறியை வாயால் சொல்லக்கூடாது என்று தெரிந்த எனக்கு, என் போன் அதைச் சொல்லும் என்று தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. உடனே அழித்துவிடுகிறேன் என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கல்லை நெருங்கியதும் நான் வழக்கம்போலக் கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். தவம் இயந்திரத்தை நிறுத்தினான்.

"திரும்பு. இனி நீ எங்க வேணுமெண்டாலும் பாக்கலாம்."

கமராவை இறக்கினோம். திரையில் உடைந்த கல், சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள். பொந்து இருந்த இடம் இடிந்து கிடந்தது. வெகுநேரம் பார்த்தோம். ஒரு சின்ன ஓராகூட வரவில்லை. அன்று எனக்கு வாந்தியும் வரவில்லை. கரைக்கு வந்ததும் கமராவை என் மடியில் வைத்தான். "நீயே வைச்சிரு. எனக்கு இதால பாக்க ஒண்டும் இல்ல" என்றான்.

வேறு கல் தேடினான். ஒன்பது மாதம் தேடினான். கலா ஹோட்டலில் துணி துவைக்கப் போனாள். கடைசியில் அந்த வெள்ளைக்காரருக்கே எழுதி, அவர் உதவியால் முதலில் தவமும் பிறகு கலாவும் மகளும் போனார்கள். பஸ் கழுவுகிற வேலை என்று கேள்வி. போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்தான். எங்களுக்குள் கோபம் ஒன்றும் இல்லை என்று அன்று நம்பினேன்.

போன வருடம் பிள்ளைகளைப் படகில் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர்த் தாங்கி நகர்ந்து பனையை மறைத்தது. மலை விளிம்பில் முனை தலை நீட்டியது. ஒரு கல்லையே அழித்த பிறகு எனக்கும் குறி பார்க்கத் தெரிந்திருக்கிறது. படகுக்காரப் பெடியனிடம், இதில் மீன் படுமா என்று கேட்டேன். "இதில ஒண்டும் படாது அண்ணன். வெறும் மணல்" என்றான்.

நேற்று தவம் அனுப்பிய அந்த வீடியோவை நாலைந்து தரம் பார்த்தேன். ஐஸ், துவாரம், வயர், வாளி, திரை, தவத்தின் கையுறை. ஒரு மரம் இல்லை. ஒரு வீட்டுக் கூரை இல்லை. வானம்கூட இல்லை. முன்பு அனுப்பிய வீடியோக்களையும் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் கரை இல்லை. போனை எங்கேயும் அவன் நிமிர்த்தவே இல்லை.

"எந்த இடம் மச்சான் இது?" என்று எழுதினேன்.

இரவு குரல் பதிவு வந்தது. "ஒரு குளம் மச்சான். பேர் வாயில வராது."

முன்பெல்லாம் என்னைத் திரும்பி இருக்கச் சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். காதோடு வைத்து இன்னொரு தரம் கேட்டேன். இதில் சிரிப்பு இல்லை.