பெயின்ற் பேணியில் பூத்த லில்லி

கலியாணத்துக்காகச் சமயம் மாறியவள் நான். அதை யாரும் முகத்துக்கு நேரே குத்திக்காட்டியதில்லை. ஆனால் மாதா கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் வேலை என் கணவரின் அக்காவிடம் இருந்தது. அந்த மச்சாள் என்னைப் பூச்சாடியின் பக்கமே அண்டவிடவில்லை. கை நீட்டினால், “நீர் மெழுகுதிரி வடிஞ்ச மெழுகைச் சுரண்டும், அது போதும்” என்பார். ஆறு வருடம் மெழுகுதான் சுரண்டினேன். பக்தி ஒரு பக்கம் இருக்க, எனக்கு ரோசம் ஏறிக்கொண்டே போனது.

உயிர்த்த ஞாயிறுக்கு வெள்ளை லில்லி மலைநாட்டிலிருந்து ரயிலில் வரும். திருகோணமலைக்கு வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். ஒரு வருடம் வாயை அடக்க முடியாமல், இதை இங்கேயே வளர்க்கலாமே என்று சொல்லிவிட்டேன். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“எங்கட வெக்கைக்கு லில்லி பூக்காது,” என்றார் மச்சாள். “பூத்தா நீரே கொண்டுவந்து பீடத்தில வையும்.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நுவரெலியாவில் வாழ்க்கைப்பட்டிருந்த பள்ளித் தோழி ஆறு கிழங்குகள் அனுப்பினாள். கணவருக்குத் துறைமுகக் கந்தோரில் வேலை. எங்கள் குவாட்டர்ஸ் முற்றத்தில் சீமெந்தைத் தவிர ஒரு பிடி மண் கிடையாது. கப்பலுக்கு அடித்து முடிந்த சாம்பல் நிறப் பெயின்ற் தகரப் பேணிகள் வேண்டியமட்டும் கிடைத்தன. அடியில் ஆணியால் துளை போட்டு, மண்ணும் ஆற்று மணலும் கலந்து நிரப்பி, மூன்று கிழங்குகளை நட்டேன். மற்ற மூன்றையும் கைகாவலாக வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் எந்தச் செடிக்கும் ஒரே வைத்தியம், மீன் கழுவிய தண்ணீர். முருங்கை அதில்தான் கொழுக்கும். லில்லிக்கும் நாள் தவறாமல் ஊற்றினேன். மணத்துக்கு முதலில் எறும்பு வந்தது, பிறகு பூனை வந்து கிண்டியது. கிண்டியதைப் பார்த்தால் மூன்றும் கூழாகிக் கிடந்தன. பேணிகளைக் கழுவிப் புது மண் போட்டேன்.

மிச்சம் மூன்றையும் நட்டு, நல்ல தண்ணீர் மட்டும் கொடுத்தேன். இலை தளதளவென்று வந்தது. பூ மட்டும் வரவில்லை. மச்சாள் வந்து பார்த்துவிட்டு, கீரையாகச் சுண்டலாமோ என்று கேட்டுப் போனார். தோழிக்கு எழுதினேன். கிழங்கு சில கிழமைகள், ஒரு மாதத்துக்கு மேல், குளிரில் உறங்கினால்தான் பூக்கும் என்று பதில் வந்தது. திருகோணமலையில் குளிருக்கு எங்கே போவது?

குளிர் இருந்த ஒரே இடம் மீன் சந்தையில் மீனுக்கு ஐஸ் வைக்கும் அறை. அதைப் பார்த்துக்கொண்டவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இலை காய்ந்ததும் கிழங்குகளைக் கிண்டியெடுத்து, மரத்தூளோடு பிஸ்கற் பேணியில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“வெங்காயத்துக்கும் ஐஸா தங்கச்சி?”

விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐஸில் முட்டினால் கருகிவிடும் என்று அவரே சொல்லி, கதவோரத் தட்டில் வைத்தார். ஆறு கிழமைக்குப் பிறகு போனபோது பேணி வைத்த இடத்திலேயே இருந்தது.

நட்ட நேரம் மாரி மழை அடித்து ஊற்றியது. பேணிகளைத் தாழ்வாரத்துக்கு இழுப்பதும் வெயிலுக்குத் தள்ளுவதுமாக என் இடுப்பு முறிந்தது. அப்படியும் இரண்டு அழுகிப்போயின. மூன்றாவது எழும்பி என் இடுப்பளவுக்கு வந்து, தவக்காலத்தில் மொட்டுவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமை முதல் பூ விரிந்தது. அடுத்த நாள் விடிய நான்கு பூ. நான் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து அழுதேன். சந்தோசத்தில்தான்.

செய்தி எட்டி மச்சாள் கத்தரிக்கோலோடு வந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, வெட்டித் தந்தால் தான் கொண்டுபோய் வைப்பதாகச் சொன்னார்.

“வெட்ட ஏலாது மச்சாள். பேணியோடதான் வரும். நான்தான் கொண்டுவந்து வைப்பன்.”

பெயின்ற் பேணியா பீடத்தில் என்று அவர் என் கணவரைப் பார்த்தார். அக்காவுக்கு முன் வாய் திறந்தே அறியாத மனிதர் அவர். “பூத்தா அவவே வைக்கட்டும் எண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்,” என்றார்.

பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவால் நடந்தேன். மீன் சந்தைக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கோயிலுக்குள் பீடத்துக் கிராதி வரை போனதும் முக்காடு வழுக்கித் தோளில் விழுந்தது. இரண்டு கையும் பேணியில் இருந்ததால் நின்றுவிட்டேன். பின்னால் வந்த மச்சாள் முக்காட்டை எடுத்து என் தலையில் போட்டார். பிறகு கிராதிக் கதவைத் தானே திறந்துவிட்டார்.

படியேறி வைத்தேன்.

“மாதா சுரூபத்தை மறைக்குது. கொஞ்சம் அங்கால அரக்கி வையும்,” என்றார்.

நான் அரக்கவில்லை.